முதலில் சட்டையைத் தையுங்கள், கோட்டை அப்புறம் பார்க்கலாம்

ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்து, ஆவணி முகூர்த்தத்துக்குக் கோட் தைக்கக் கொடுக்கிற வீடுகள் வேலூரில் இப்போது நிறைய. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

என் தம்பியின் ரிசப்ஷன் சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கோட்டின் கை அவன் கட்டைவிரல் முட்டிவரை இறங்கி நின்றது. உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கஃப், அதாவது கை முனையில் பட்டன் போடும் பட்டி, ஒரு படத்தில்கூடத் தெரியவில்லை. ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அம்மா, “யாரோட கோட்டையோ வாங்கிப் போட்ட மாதிரி இருக்கான்” என்று வருத்தப்படுவார். தையல்கூலி மட்டும் ஐயாயிரம் கொடுத்த கோட் அது.

எங்கே தவறியது என்று பிறகுதான் புரிந்தது. நேரமில்லை என்று பழைய சட்டை ஒன்றை அளவு சட்டையாகக் கொடுத்துவிட்டு வந்தோம். டெய்லரும் ட்ரையலுக்குக் கூப்பிடவில்லை. அந்தச் சட்டை தோளில் தொளதொளவென்று இருக்கும். தோள் அரை இஞ்ச் வெளியே போனால் கையும் அரை இஞ்ச் கீழே இறங்கிவிடும். அதனால் கை நீளமாகத் தெரிந்தால் உடனே கீழே பிடித்து மடிக்கச் சொல்லாதீர்கள், முதலில் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

என்னைக் கேட்டால் சட்டையும் கோட்டும் ஒரே நாளில் அளவு கொடுக்கவே கூடாது. முதலில் சட்டை. பருத்தியில் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கும் துணி உண்டு. 25 இஞ்ச் கைக்கு அது முக்கால் இஞ்ச்! புதுச் சட்டையை வைத்து அளந்த கோட்டுக்குள் அந்தக் கஃப் இரண்டு துவைப்பில் காணாமல் போய்விடும். துவைத்த பிறகு சட்டைக் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, உள்ளங்கை தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். கஃப் கையைப் பிடித்தாற்போல இருந்தால்தான் அங்கேயே நிற்கும். கடிகாரம் கட்டுகிற கைக்கு மட்டும் சற்றுத் தளர்வு போதும்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு அளவு கொடுங்கள். கஃப் கால் இஞ்சிலிருந்து அரை இஞ்ச் வரை வெளியே தெரிவதுதான் அழகு. இரண்டு கையையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு இரண்டும் ஒரே நீளம் இல்லை, தோளும் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். அளக்கும்போது கையைத் தொங்கவிட்டு ஒரு தடவை, வணக்கம் சொல்வதுபோல மடக்கி ஒரு தடவை. ரிசப்ஷனில் இரண்டு மணி நேரம் மாப்பிள்ளை வேறென்ன செய்யப்போகிறார், கும்பிடுவதும் கை கொடுப்பதும்தானே? முழங்கை மடங்கினால் சட்டையின் கை மேலே ஏறும். சட்டைக் கையில் அதற்கு இடம் விடவில்லை என்றால் கஃப் கோட்டுக்குள் ஓடிவிடும்.

கோட் கையின் பட்டனும் காஜாவும் (பட்டன் ஓட்டை) ட்ரையல் முடிந்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காஜா வெட்டிய பிறகு நீளத்தைக் குறைத்தால் பட்டன் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்மடிப்பில் ஒரு இஞ்சாவது துணி விடச் சொல்வதும் முக்கியம்.

ஆவணியில் அக்கா மகனுக்குக் கல்யாணம். “மாமா, அளவு சட்டை கொடுத்தாப் போதாதா?” என்றுதான் அவனும் கேட்டான். சட்டை தைத்து வந்துவிட்டது. இன்று காலை இரண்டாவது தடவையாகத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவன் கோட் அளவு கொடுக்கப் போகிறான். நானும் கூடப் போகிறேன்.