வலது கீழ் மூலையில ஒரு ஆவி

அந்தப் பட்டனை இன்னிக்கு நாப்பது தடவையாவது அமுக்கியிருப்பேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, மவுஸ் முதுகெலும்பு முறியற மாதிரி. அசையணுமே!

தேதி 20. ஜிஎஸ்டிஆர்-3பி, அதான் மாசாமாசம் ஆன்லைன்ல போடுற ஜிஎஸ்டி வரிக் கணக்கு, போட்டே ஆகணும், தவறினா ஒவ்வொரு நாளும் 50 ரூபா தண்டம். கணக்கெல்லாம் சரிபார்த்து கடைசிப் பட்டன் வரைக்கும் வந்தாச்சு. அது போய் உக்காந்திருக்கு வலது கீழ் மூலையில. பக்கமும் அத்தோட முடிஞ்சிருச்சு, மேல தள்ளவும் வழியில்ல. மிச்ச ஸ்கிரீன் பூரா சொன்ன பேச்சு கேக்குது. அந்த உள்ளங்கை அகலம் மட்டும் மதியம் ரெண்டு மணி கவுன்ட்டர் மாதிரி. ஆள் உக்காந்திருக்கார், ஆனா நம்மள அவருக்குத் தெரியாது.

சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டேன். “ரீஸ்டார்ட் பண்ணுங்கண்ணா.” பண்ணினேன். வேலை செஞ்சுது! ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன், மூலை மறுபடி செத்துக் கிடக்கு. “அப்ப மவுஸ் போயிருக்கும்ணா.” ஏன்டா தம்பி, வலது கீழ் மூலைக்கு மட்டும் தனியா கெட்டுப்போற மவுஸ் எந்த ஊர்ல விக்கிது? “மாத்தித்தான் பாருங்களேன்.” வெயில்ல போய் 450 ரூபாய்க்கு ஒயர் இல்லாத மவுஸ் வாங்கிட்டு வந்தேன். அதுவும் அதே இடத்துல போய் ஊமையாயிருச்சு.

டேப் கீயைத் தட்டி என்டர் போட்டிருக்கலாமேன்னு இப்ப சொல்ல வர்ற புத்திசாலிகளே, சாயங்காலம் நாலு மணிக்கு எங்கய்யா போயிருந்தீங்க?

கடைசியில எரிச்சல்ல பிரவுசரைப் பிடிச்சு இழுத்து இடது பக்கம் தள்ளினேன். அதே பட்டன், ஒரே அமுக்கு, வேலை முடிஞ்சுது.

அத்தோட விட்டிருக்கலாம். விடுற ஆளா நான்? பட்டன் நகர்ந்துச்சு, செத்த இடம் நகரல. அப்போ மவுஸும் தப்பில்ல, பிரவுசரும் தப்பில்ல. எவனோ ஒருத்தன் கண்ணுக்குத் தெரியாம ஸ்கிரீன் மேல படுத்திருக்கான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அடிச்சு, உள்ள ஓடுற புரோகிராமையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டுற டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். திறந்தா, ஆளை வெளியேத்துற ‘எண்ட் டாஸ்க்’ பட்டன் எங்க இருக்குங்கிறீங்க? வலது கீழ் மூலையில! திருடனைப் பிடிக்கப் போனா ஸ்டேஷன் சாவி அவன் இடுப்புல.

அதையும் இடது பக்கம் இழுத்துப் போட்டு, தெரியாத பேரையெல்லாம் ஒண்ணொண்ணா வெளியேத்தினேன். பதினோராவது ஆள் போனதும் மூலைக்கு உயிர் வந்துச்சு. யாருன்னு பார்த்தா, பிரிண்டர்ல மை தீர்ந்தா சொல்ற ஆளு. கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போதெல்லாம் கூடவே எழுந்து வந்துருவானாம். அந்தப் பிரிண்டரை ரெண்டு வருஷம் முன்னாடி பழைய இரும்புக்குப் போட்டாச்சுய்யா! போன பிரிண்டருக்கு மை இருக்கான்னு இவன் இன்னும் காவல் காத்துக்கிட்டிருக்கான்.

தம்பி இப்ப வந்து விளக்கம் சொல்றான். ஸ்கிரீன்ல ஒரு புரோகிராமோட ஜன்னல் எவ்வளவு தெளிவாத் தெரியணும்கிறதுக்கு 0லேர்ந்து 255 வரைக்கும் அளவு வெப்பாங்களாம். சுத்தமா 0ன்னா க்ளிக் அதைத் தாண்டி அடியில போயிரும். 1ல நின்னுட்டா கண்ணுக்குத் தெரியாது, ஆனா க்ளிக்கை முழுங்கிரும். நம்மாளு மெல்ல மறையற ஸ்டைல்ல வந்து 1லயே நின்னிருப்பானாம். 255ல 1! அதுக்கு என் அரை நாள் காலி. “இது தெரிஞ்சும் ஏன்டா மவுஸ் வாங்கச் சொன்ன?”ன்னா, சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, என்ன பண்றது.

மவுஸைத் திருப்பிக் குடுக்கப் போனா, டப்பாவைப் பிரிச்சுட்டீங்களே சார்ங்கிறாரு கடைக்காரர். பிரிக்காம எப்படிங்க அமுக்குறது? அதுல பேட்டரியும் இல்ல. டிவி ரிமோட்லேர்ந்து ஒண்ணை உருவிப் போட்டதை வீட்ல இன்னும் யாரும் கவனிக்கல. சீரியல் ஏழரைக்கு.