மூன்று வாட்டுக்கு வழியில்லை

நேற்று இரவு 10.40க்கு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மின்சாரம் திரும்பியது அதிகாலை 4.15க்கு. இடைப்பட்ட ஐந்தரை மணி நேரமும் என் வீட்டில் மூன்று மின்விசிறிகள் சுழன்றன, கூடத்து விளக்கு எரிந்தது, மாமியார் பன்னிரண்டு மணிவரை தொலைக்காட்சி பார்த்தார். இன்வெர்ட்டர் இருக்கிறதே! மீன் தொட்டிக்கு மட்டும் இல்லை.

இன்வெர்ட்டர் பொருத்த வந்த எலக்ட்ரீஷியனிடம் அன்றே தலைபாடாய் அடித்துக்கொண்டேன். “அண்ணே, அந்த மூலை பிளக்கையும் இதில் சேர்த்துவிடுங்கள்.” அவர் சிரித்தார். “மீனுக்கெல்லாம் இன்வெர்ட்டரா சார்? பேட்டரி தாங்காது.” தாங்காதாம்! மின்விசிறி ஒன்று சுமார் 70 வாட் இழுக்கிறது. என் காற்று பம்பின் அடியில் 3 வாட் என்று அச்சடித்திருக்கிறது. ஒரு விசிறிக்கு ஆகும் மின்சாரத்தில் இருபது தொட்டி மீன்கள் மூச்சு விடும். இந்தக் கணக்கை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தொலைக்காட்சி பிளக்கை இணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

“தண்ணீரில் இருக்கிற மீனுக்குக் காற்று எதற்கு?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் சுவாசிக்கிறது. பம்ப் விடும் குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் வெளிக்காற்று உள்ளே நன்றாகக் கரைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இது மே மாதம். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தயவுசெய்து உபதேசம் செய்ய வர வேண்டாம். உங்கள் மீன் மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கிக்கொள்ளும். என்னுடையவை கோல்டு ஃபிஷ்.

நான் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. போன மாதம் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனபோது யுஎஸ்பி பம்ப் ஒன்று வாங்கி வந்திருந்தேன். பவர் பேங்கில் செருகினேன். குமிழி வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன், நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் அரை நிமிடம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. விஷயம் என்னவென்றால், இந்தப் பம்ப் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. செருகியிருந்த ஃபோன் நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடுகிறது! அட்டைப்பெட்டியில் எத்தனையோ பெருமை அச்சடித்தவர்கள் இந்த ஒரு வரியைப் போட்டிருக்கக் கூடாதா? பக்கத்துத் துளையில் சார்ஜ் இறங்கிய ஃபோனையும் சேர்த்துச் செருகினால் அணையாமல் ஓடும். அது எனக்கு உறைத்தபோது மணி மூன்று.

அதற்குள் பழைய பம்ப் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தது. அது தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. காற்று நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னால் இறங்கி, பம்ப் நனைந்து, தரையெல்லாம் குளம். குழாய் நடுவே, தண்ணீரைப் பின்னால் விடாத ஒரு வால்வு போட்டிருந்தால் நடந்திருக்காது. சில்லறைக் காசுப் பொருள். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஃபோன் உபாயம் உறைப்பதற்கு முன், வேறு வழியில்லாமல் சொம்பை எடுத்தேன். டீக்கடை மாஸ்டர் போல மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றி, மறுபடி மொண்டு, தொட்டித் தண்ணீரை ஆற்றினேன். தண்ணீர் விழுகிற இடத்துக்கே மூன்று மீன்களும் வந்து, மேலே வாயை வைத்துப் பிளந்து பிளந்து மூடின. கை மரத்துப்போனது. மாமியார் எழுந்து வந்து பார்த்தார். “பேசாமல் படுங்கள் மாப்பிள்ளை. காலையில் வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம்.” நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று வேறு மாதிரிப் பதிவு எழுத வேண்டியிருந்திருக்கும்.

விடிந்தபோது பெரியது மல்லாந்து கிடந்தது. நான்கு வருடம் வளர்த்தது, உள்ளங்கை நீளம். ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் போகும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். “மொத்தம் எத்தனை மீன் சார்?”

“இரண்டு.”

“இரண்டுக்காகவா? சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.”

இன்று செவ்வாய். பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 முதல் 2 வரை எங்கள் பகுதியில் மின்தடை என்று இப்போதுதான் ஃபோனில் செய்தி வந்தது. சொம்பைத் தொட்டி மேலேயே வைத்திருக்கிறேன்.