வணிகன் மகன் எங்கே போனான்?

"பழைய சீனாவில் படித்தவன் மேலே வந்தான், ஐரோப்பாவில் பிறப்புதான் எல்லாம்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதிதான் சரி. இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் நான் வணிகனைத்தான் பார்ப்பேன்.

சீனப் படிநிலையில் முதலில் கற்றோர், பிறகு உழவர், கைவினைஞர், கடைசியில்தான் வணிகர். ஹான் வம்சத்தைத் தொடங்கிய பேரரசர் கௌசூ, வணிகர் பட்டு உடுத்தவே தடை போட்டார். ஐரோப்பாவிலோ, 11ஆம் நூற்றாண்டில் பிஷப் அடல்பெரோ சமூகத்தை ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர் என மூன்றாகப் பிரித்தபோது வணிகனுக்குத் தனி இடமே தரவில்லை. ஆக, இரண்டு பக்கமும் கையில் காசு இருந்தது, மரியாதை இல்லை.

சீன வணிகனுக்கு ஒரு வழி இருந்தது: அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை மகனை எழுத வைப்பது. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங், உப்பு வியாபாரிகளின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடே வைத்திருந்தது. நான்ஜிங் தேர்வு மையத்தில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பலகைகள். பகலில் ஒன்று மேசை, இன்னொன்று இருக்கை. ராத்திரி இரண்டையும் சேர்த்துப் போட்டால் படுக்கை, ஆனால் காலை நீட்ட முடியாது. சமையல், சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே. மாளிகையில் வளர்ந்த பையனும் அங்கேதான் சுருண்டு கிடக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்க எந்த ஏழை உழவன் மகனுக்கு வசதி இருந்தது? பெண்களுக்கு இடமே கிடையாது. நடிகர் குடும்பங்களுக்கும் அனுமதி இல்லை.

ஐரோப்பிய வணிகனுக்கு இப்படி ஒரு தேர்வு இல்லை. அவன் பிரபுவிடம் காசு கொடுத்து நகரத்துக்கு உரிமைச் சாசனம் வாங்கினான். தனிச் சட்டம், தனி நீதிமன்றம் வைத்துக்கொண்டான். பல நகரங்களில் ஓராண்டும் ஒரு நாளும் தங்கிவிட்டால் பண்ணையடிமைகூடச் சுதந்திர மனிதன். 1176இல் லெக்னானோவில் வட இத்தாலிய நகரங்களின் படை புனித ரோமப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவையே தோற்கடித்தது. 1183இல் அவர் அந்த நகரங்களின் சுயாட்சியை ஒப்புக்கொண்டார்.

என் கருத்து இதுதான்: தனி மனிதனுக்குச் சீன ஏற்பாடு நல்லது. ஆனால் அரசை எதிர்த்து நிற்கக்கூடிய பணக்காரக் குடும்பத்தின் கெட்டிக்காரப் பிள்ளையை அது அரசு அதிகாரியாகவே ஆக்கிவிட்டது. அப்புறம் யார் எதிர்ப்பது? ஐரோப்பா கதவைச் சாத்தியதால்தான் வணிகர்கள் தனி அதிகார மையமாக வளர்ந்தார்கள்.

இதை ஐரோப்பாவின் பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வணிகர்களே ஆண்ட வெனிஸில் 1297இல் ஒரு சட்டம் வந்தது. அதன்பின் நகர ஆட்சியின் அடித்தளமான பெருமன்றத்தின் உறுப்பினர் பதவி சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாகவே மாறிப்போனது.