நான்கே பதில்கள்

ராணுவப் பள்ளிக் கதைகள் எல்லாம் ஒரே வார்ப்பு, கத்துகிற சார்ஜென்ட், அழுகிற பையன், கடைசியில் பதக்கம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதி உண்மைதான். ஆனால் சார்ஜென்ட்டை விட்டுத்தள்ளுங்கள். அங்கே பயம் அதிகாரியிடமிருந்து வருவதைவிட, ஒரே ஒரு வருடம் மூத்தவனிடமிருந்துதான் அதிகம் வரும். போன வருடம் அதே வராந்தாவில் விறைத்து நின்று திட்டு வாங்கியவன், இந்த வருடம் திட்டுகிறான். கதை அங்கேதான் இருக்கிறது. பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசா 1963-இலேயே ஒரு நாவலில் அதைத் தொட்டுவிட்டார். தான் படித்த லிமா ராணுவப் பள்ளியையே களமாக வைத்து, திருடுபோன ஒரு தேர்வுத்தாளிலிருந்து ஆரம்பித்தார். போர்க்களமே தேவைப்படவில்லை.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான்கே பதில்கள் என்று ஒரு வழக்கம்: 'ஆம் சார்', 'இல்லை சார்', 'சாக்கு ஏதும் இல்லை சார்', 'புரியவில்லை சார்'. வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்திருக்கிறது, பூட்ஸ் நுனி பளபளக்கவில்லை, ஏன் என்று கேட்கிறான் மூத்தவன். பையன் சொல்ல முடிந்தது மூன்றாவது பதில் மட்டும். பஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக ராத்திரியெல்லாம் அவன் பாலிஷ் போடுவதை எழுதினாலே ஓர் அத்தியாயம் தேறும்.

பெண்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? வெஸ்ட் பாயின்ட்டில் 1976-இல்தான் அவர்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். 119 பேர் உள்ளே போய், 1980-இல் 62 பேர் பட்டம் வாங்கினார்கள். பாதியில் கிளம்பிய ஒருத்தியின் கதையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள்.