மஞ்சள் மாத்திரை போதும், சிரப் வேண்டாமா?

"கல்லீரல் சுருங்கியவர்கள் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டால் மூளை குழம்பாது; டாக்டர் தரும் இனிப்பு சிரப்பை நிறுத்திவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. உயிருக்கே ஆபத்தான தவறு.

அந்த சிரப்பின் பெயர் லாக்டுலோஸ். குடலில் உருவாகும் அம்மோனியா என்ற நச்சுப்பொருளை, சுருங்கிய (சிரோசிஸ் வந்த) கல்லீரலால் சரியாக அகற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு, கையெழுத்து கோணுவது, கையை நீட்டி நிமிர்த்திப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று விழுந்து எழுவது என்று மெதுவாகத்தான் தொடங்கும். லாக்டுலோஸ் குடலில் அமிலத்தன்மையைக் கூட்டி, அம்மோனியாவை அங்கேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. தினமும் 2, 3 முறை இளக்கமாகப் போக வேண்டும் என்று சொல்வது அதனால்தான். பேதி என்று பயந்து நிறுத்தினால் குழப்பம் முற்றி கோமா வரை போகலாம்.

சரி, மஞ்சளில் ஒன்றுமே இல்லையா? அதிலுள்ள குர்குமின் எலிகளின் மூளையில் ஆக்சிஜனேற்றப் பாதிப்பைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் லாக்டுலோஸுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. அதோடு, 2019-இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை எடுத்த பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது. மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரைகளில் குர்குமின் பல மடங்கு உடலில் ஏறும். குழம்பில் போடும் ஒரு சிட்டிகை வேறு, இது வேறு.

வீட்டில் யாராவது சிரப்பை நிறுத்தியிருந்தால் இன்றே அவருடைய டாக்டருக்கு போன் செய்யுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.