களனிப் பாலம் 2021இல் பிறக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ‘களனிப் பாலத்தின் வரலாறு’ என்று தலைப்பிட்டுவிட்டு, களனி ஆற்றின் குறுக்கே 2021 நவம்பரில் திறக்கப்பட்ட கல்யாணிப் பாலத்தில் தொடங்கி அங்கேயே முடித்த அந்தப் பேச்சாளரைவிட, எழுந்து நின்று கைதட்டிய நம் கொழும்பு கிராண்ட்பாஸ்காரர்களைப் பார்த்துத்தான் எனக்கு மனம் நொந்தது.

பிரித்தானியர் இந்த ஆற்றில் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பிப் பாலம் அமைத்தது 1822இல். வெள்ளம் ஏறினால் பாலமும் கூடவே ஏறும். தோணிகள் போவதற்குச் சில படகுகளை விலக்கி வழிவிடுவார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் ஓடும்வரை, மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் கொழும்புக்கு வந்தது. 1895இல் விக்டோரியா இரும்புப் பாலமும், 1959இல் புதிய களனிப் பாலமும் வந்தன. இவை எதுவும் வரலாறு இல்லையாம்!

“வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?” என்று கேட்பீர்கள். ஜப்பானியக் கடனில் கட்டிய கல்யாணிப் பாலத்தைக் கொண்டாடலாம் என்றால் இதையும் நினைவில் வைத்திருக்கலாம். நான் கட்டியவனைப் பற்றிப் பேசவில்லை, கடந்தவனைப் பற்றிப் பேசுகிறேன். புறக்கோட்டையில் மூட்டை சுமந்த என் தகப்பனார், வத்தளைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லொறியின் பின்புறத்தில், தார்ப்பாயின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அந்த இரும்புப் பாலத்தைக் கடந்தவர். கயிறு அறுத்த தழும்பு கடைசிவரை அவர் கையில் இருந்தது. அவரை எந்த மேடையும் கூப்பிட்டதில்லை.

“அபிவிருத்திக்கு எதிரி” என்று ஒரு தம்பி ஏற்கெனவே எழுதிவிட்டார். தம்பி, கட்டுநாயக்கவுக்குப் போகும்போது நானும் அந்தக் கல்யாணிப் பாலத்தில்தான் போகிறேன். 380 மீற்றர் நீளம், அழகான பாலம், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாங்கும் கம்பிகளுக்கு அருகே, ஆற்றோரத் தொட்டலங்கவில் இருக்கும் சனங்களைச் சேரி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு, இரவு வெளிச்சத்தில் செல்பி எடுப்பவர்கள் எங்களுக்கு வரலாறு சொல்லித்தர வேண்டாம். வெள்ளம் வந்தால் வீட்டுச் சாமான்களைக் கட்டிலின் மேல் ஏற்றுகிறவர்களுக்கு அந்த ஆற்றைப் பற்றிப் பேச அவர்களைவிட உரிமை அதிகம். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தொட்டலங்க சனங்களில் ஒருவரைப் பேச அழையுங்கள். கைதட்ட நானும் வருகிறேன்.