நாவல் தீர்ந்துபோனதால் மட்டும் கெடவில்லை கேம் ஆஃப் த்ரோன்ஸ்

(நீளமான பதிவு. சீரிஸ், நாவல் இரண்டின் கதையும் முழுக்க உடைபடும். இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் இப்போதைக்குத் தாண்டிப் போய்விடுங்கள்.)

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையை வைத்து எடுத்த டிவி சீரிஸ் கேம் ஆஃப் த்ரோன்ஸ். அது கடைசியில் ஏன் சொதப்பியது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: மார்ட்டின் அடுத்த நாவலை முடிக்கவில்லை, கைவசம் கதை தீர்ந்துவிட்டது. ஐந்தாவது நாவல் ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ வெளியானது 2011 ஜூலையில். சீரிஸ் முடிந்தது 2019 மே மாதம். இடையில் ஆறாவது நாவல் வரவே இல்லை. அதனால் அந்தப் பதில் நியாயமாகத்தான் தெரியும், ஆனால் பாதிதான் சரி. விரிசல் விழுந்தது நான்காவது சீசனின் கடைசி எபிசோடில், 2014 ஜூனில். அச்சில் வந்து, பெரும்பகுதி படமாகாத இரண்டு தடித்த நாவல்கள் அப்போது இருந்தன.

நாவலை வெட்டுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முதல் நாவலின் ஒலிநூல் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் சீசனின் பத்து எபிசோடும் சேர்ந்து பத்து மணி நேரத்துக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு போயே ஆகவேண்டும். மார்ட்டினே 80களில் டிவிக்கு எழுதியவர். பட்ஜெட், நேரம் என்ற கட்டுப்பாடுகளில் சலித்துப்போய், படமாக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக வேண்டுமென்றே எழுதிய கதை இது. பிரச்சினை எதை வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. காரணத்தை எடுத்துவிட்டு விளைவை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த எபிசோடில் ஒன்றும் தெரியாது. மூன்று சீசன் கழித்துத்தான், இந்த ஆள் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று முழிக்க வைக்கும்.

ஆரம்பத்தில் இதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் தலைக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது. முதல் நாவலில், முகப்பு அத்தியாயத்தை விட்டுவிட்டால், அப்படி எட்டுப் பேர்: வடக்கை ஆளும் ஸ்டார்க் வீட்டு ஆட்கள் ஆறு பேர், லானிஸ்டர் வீட்டு டிரியன், நாடுகடந்து வாழும் இளவரசி டெனேரிஸ். ராஜா ராபர்ட்டும் ராணி செர்சியும் தனியறையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள வாசகருக்கு வழியே கிடையாது. கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. முதல் சீசனில் பல எபிசோட்கள் நீளம் போதாமல் நின்றதால், இருக்கிற செட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிகளைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். ஐந்தாவது எபிசோடில் ராபர்ட்டும் செர்சியும் ஒயினை வைத்துக்கொண்டு தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும் காட்சி அப்படி வந்ததுதான். நாவலில் ஒரு வரிகூட இல்லாத அந்தப் பேச்சு, அந்த இருவரைப் பற்றி நாவல் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடுகிறது. ஹாரன்ஹால் கோட்டையில் ஸ்டார்க் வீட்டுச் சிறுமி ஆர்யா ஒயின் ஊற்றுவது நாவலில் வடக்குப் பிரபு ரூஸ் போல்டனுக்கு. சீரிஸ் அதை டிரியனின் அப்பா டைவின் லானிஸ்டருக்கு மாற்றியதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: ஆர்யாவுக்குப் பேச ஆள் கிடைத்தது, டைவினுக்கு முகம் கிடைத்தது.

2009இல் எடுத்து ஒளிபரப்பாகாமலே போன முதல் பைலட்டையும் (சோதனை எபிசோட்) இங்கே சொல்ல வேண்டும். அதைப் போட்டுக் காட்டியபோது, கள்ள உறவில் இருக்கும் ஜேமியும் செர்சியும் கூடப்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அது புரியாவிட்டால், அவர்களைப் பார்த்துவிட்ட ஸ்டார்க் வீட்டுச் சிறுவன் பிரானைக் கோபுரத்திலிருந்து ஜேமி தள்ளிவிடுவதற்கு முழு அர்த்தமே இல்லை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். காரணம் திரையில் பதியாவிட்டால் விளைவு வெறும் அதிர்ச்சியாக நின்றுவிடும் என்பதை சீரிஸை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் முதல் நாளிலேயே பார்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

சரியாக வெட்டுவது எப்படி என்பதற்கு இரண்டாவது சீசனின் ‘பிளாக்வாட்டர்’ எபிசோட் நல்ல உதாரணம். நாவலில் டிரியன் ஆற்று முகத்துவாரத்துக்குக் குறுக்கே ஒரு ராட்சதச் சங்கிலி செய்யச் சொல்கிறான். அரியணைக்காகத் தலைநகரைத் தாக்க வரும் ஸ்டானிஸின் கப்பல்கள் உள்ளே வந்ததும் சங்கிலி மேலே ஏறி வழியை அடைக்கும், உள்ளே வைல்ட்ஃபயர் என்ற பச்சை நெருப்பு. டிவி பட்ஜெட்டுக்கு இது தாங்காது. சீரிஸில் சங்கிலியே இல்லை. ஆளில்லாத ஒரே ஒரு கப்பல், அதிலிருந்து ஒழுகும் வைல்ட்ஃபயர், ஒரு நெருப்பு அம்பு. எதிரியை உள்ளே வரவிட்டு எரிப்பது, அதை யோசித்தவன் டிரியன் என்ற இரண்டும் அப்படியே நின்றன. சங்கிலி போனது, அது செய்த வேலை போகவில்லை. அந்த எபிசோடை எழுதியது மார்ட்டினேதான்.

இப்போது நான்காவது சீசனின் கடைசி எபிசோடுக்கு வருகிறேன். டிரியன் சிறுவயதில் டைஷா என்ற பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்கிறான். அவள் காசுக்கு அமர்த்தப்பட்டவள் என்று அப்பா டைவின் சொல்ல வைத்து, காவல் வீரர்களிடம் அவளை ஒப்படைக்கிறார். முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில், கூடாரத்தில் கூலிப்படை வீரன் ப்ரானிடமும் (கோபுரத்திலிருந்து விழுந்த சிறுவன் இல்லை) தன் காதலி ஷேயிடமும் டிரியன் இந்தக் கதையைச் சொல்கிறான். நாவலில், மன்னன் ஜாஃப்ரியைக் கொன்ற பழியில் சிறையிலிருக்கும் தம்பி டிரியனை விடுவிக்கும் ஜேமி ஓர் உண்மையைக் கக்குகிறான்: அந்தப் பெண் காசுக்கு வந்தவள் இல்லை, நிஜமாகவே உன்னைக் காதலித்தவள், அப்பா சொல்லி நான் பொய் சொன்னேன். டிரியன் அண்ணனை அடிக்கிறான். உன் மகன் ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று பதிலுக்கு ஒரு பொய்யைச் சொல்கிறான். செர்சி யார் யாரோடு படுத்தாள் என்று பெயர் பெயராக அடுக்குகிறான். அந்த ஆத்திரத்தில்தான் அப்பாவின் அறைக்கு ஏறுகிறான். அம்பு பாய்வதற்கு முன் அவன் டைவினிடம் கேட்பதும் டைஷா எங்கே என்றுதான்.

சீரிஸில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து விடைபெறுகிறார்கள். டைஷாவின் பெயரே வரவில்லை. தப்பிக்கக் கப்பல் காத்திருக்க, டிரியன் சும்மா திரும்பி மேலே ஏறுகிறான். கொலை நடக்கிறது, ஷே சாகிறாள், டைவின் சாகிறார். விளைவு மொத்தமும் அப்படியே இருக்கிறது. ஏறிப் போகவைத்த காரணம் மட்டும் இல்லை.

இரண்டு நிமிடப் பேச்சுதானே என்று தோன்றும். அது எதையெல்லாம் தாங்கியிருந்தது என்று பாருங்கள். நாவலில் அதற்குப் பிறகு வரும் டிரியன் குடித்துச் சீரழிந்து, பழிவாங்கும் வெறியோடு அலைகிறவன். அண்ணனும் அவனுக்கு எதிரி. சீரிஸின் டிரியனுக்கு அந்தக் காயமே இல்லாததால், ஐந்தாவது சீசனிலிருந்து நல்ல யோசனை சொல்லும் மந்திரியாக மாறுகிறான். ஏழு, எட்டில் அந்த யோசனைகளும் பலிப்பதில்லை. ஜேமிக்கு நடந்ததும் இதேதான். செர்சியைப் பற்றித் தம்பி சொன்ன வார்த்தைகள் நாவலில் அவனை அரித்துக்கொண்டே இருக்கின்றன. கடைசியில், வந்து என்னைக் காப்பாற்று என்று அவள் எழுதிய கடிதத்தை நெருப்பில் போடச் சொல்கிறான். சீரிஸில் அந்த விஷம் அவன் காதில் விழவே இல்லை. அதனால் ஏழாவது சீசன் முடிவுவரை அவள் பக்கத்திலேயே நிற்கிறான், எட்டில் திரும்பவும் அவளிடமே போகிறான்.

மூன்று வருடத்துக்கு முன் கூடாரத்தில் சொன்ன கதை யாருக்கு நினைவிருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். எபிசோட் தொடங்குமுன் ‘முன்கதை’ என்று ஒரு நிமிடத் துண்டு ஓடுகிறதே, அது இதற்காகத்தானே இருக்கிறது? கூடாரக் காட்சியிலிருந்து இருபது நொடி போட்டிருந்தால் போதும்.

ஐந்தாவது சீசனில் ஸ்டார்க் வீட்டு மகள் சான்சாவை ரூஸ் போல்டனின் மகன் ராம்சேவுக்குக் கட்டிவைத்தது இதைவிடப் பெரிய வெட்டு. நாவலில் ராம்சேவைக் கட்டுவது சான்சாவின் தோழி ஜெய்ன் பூல், சான்சாவின் தங்கை ஆர்யா என்று பொய் சொல்லி. இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கினால் ஒரு நடிகை மிச்சம், தெரிந்த முகம் என்பதால் பார்வையாளருக்கும் பதைப்பு அதிகம் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் நாவலில் அந்தக் கல்யாணத்தைச் சுற்றித்தான் வடக்கே ஒன்றுதிரள்கிறது. ஸ்டார்க் வீட்டுத் தலைவராக இருந்த நெட்டின் மகளைக் காப்பாற்ற மலைக்குடிகள் பனியில் ஸ்டானிஸோடு நடக்கிறார்கள். விருந்துக்கு வந்த பிரபுக்கள் போல்டன்களின் முதுகுக்குப் பின்னால் சதி செய்கிறார்கள். அங்கே போலி மகளுக்கே இவ்வளவு. சீரிஸில் அசல் மகளே ஸ்டார்க் கோட்டையான வின்டர்ஃபெல்லில் சிறைப்பட்டிருக்கிறாள். வடக்குப் பிரபுக்கள் யாரும் அசையவில்லை, உதவ முன்வந்த ஒரு கிழவியும் தோலுரிக்கப்படுகிறாள். அடுத்த சீசனில் நெட்டின் மகனாக வளர்ந்த ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய்ப் படை கேட்டு நிற்பதும், க்ளோவர் பிரபு கையை விரிப்பதும் இதன் பலன்தான். மன்னனைக் கொன்றதாக லானிஸ்டர்கள் தேடும் பெண்ணை, லானிஸ்டர் தயவில் பதவிக்கு வந்த ரூஸ் போல்டன் ஏன் மருமகளாக எடுத்தார் என்பதற்கும் உருப்படியான பதில் இல்லை.

டோர்ன் பகுதியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அதை ஆளும் டோரனின் பிள்ளைகள் ஆரியான், க்வென்டின், டோரனின் நீண்டநாள் திட்டம் மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சண்டைக் காட்சி மட்டும்தான், அதுவும் சுமார்.

இதே ஐந்தாவது சீசனில்தான் ‘ஹார்ட்ஹோம்’ எபிசோடும் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நாவலில் ஒரு கடிதத்தில் செய்தியாக வருவதை, பிணங்களின் படை நடத்தும் முழுப் படுகொலையாக எடுத்துக் காட்டினார்கள். வடக்கு எல்லைச் சுவரைக் காக்கும் ஜான், அதற்கு அப்பால் இருக்கும் மக்களை ஏன் உள்ளே விட வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேறெங்கும் இல்லை. புதிதாகச் சேர்ப்பதற்கு இவர்களிடம் திறமை இருந்தது.

கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ சீரிஸின் இரண்டாவது சீசனிலும் இதே கோளாறு. மூலமான மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ 2018இலேயே வந்துவிட்டது, சொல்லவேண்டிய போர் தொடக்கம் முதல் முடிவுவரை அதில் இருக்கிறது. நாவல் தீர்ந்துபோச்சு என்ற சாக்கு இங்கே செல்லாது. மூலத்தில் ராணி ஹெலேனாவுக்கு இரண்டு மகன்கள். எந்தப் பிள்ளை சாகவேண்டும் என்று கொலைகாரர்கள் கேட்க, அவள் சின்னவன் மேலோரின் பெயரைச் சொல்கிறாள். அவர்கள் பெரியவன் ஜஹேரிஸைக் கொல்கிறார்கள். தான் சாகச் சொன்ன பிள்ளையின் முகத்தைத் தினம் தினம் எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவளை உடைக்கிறது. சீரிஸில் மேலோரே பிறக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தையை வைத்துப் படமெடுப்பது சிரமம், செலவு என்பது நடைமுறைக் காரணம். ஹெலேனா பையனைக் கை காட்டுகிறாள், அவன் சாகிறான். தேர்வு என்ற கொடுமையே அங்கே இல்லை. இதைப் பற்றி மார்ட்டின் 2024 செப்டம்பரில் தன் வலைப்பக்கத்தில் வெளிப்படையாக வருத்தப்பட்டு எழுதினார். அந்தப் பதிவு பிறகு நீக்கப்பட்டது.

அவருடைய வருத்தம் அந்த ஒரு காட்சியோடு நிற்கவில்லை. மூலத்தில் மேலோர் பிறகு பிட்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் கூட்டத்தின் கையில் சிக்கிச் சாகிறான். அதற்குப் பிறகு ஹெலேனா ஜன்னலிலிருந்து குதிக்கிறாள். அவளைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரில் வதந்தி பரவி, கலவரம் வெடித்து, அது டிராகன்களைக் கட்டிவைத்திருந்த மண்டபம்வரை போகிறது. ஒரு குழந்தையை எடுத்ததும் இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி போய்விட்டது. ஹெலேனாவைக் குதிக்க வைப்பதென்றால் வேறொரு காரணத்தை முன்கூட்டியே விதைத்திருக்க வேண்டும். இரண்டாவது சீசனின் எட்டு எபிசோடிலும் அப்படி எதையும் விதைத்ததாக எனக்குத் தெரியவில்லை.